மேற்படி சுலைமான் கரை சேர்ந்தார்

ரங்கூனில் அந்தக் காலத்தில் அய்யாசாமியைவிட வேகமாக டைப் அடிக்கிறவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். அவரைவிட நல்ல இங்கிலீஷ் எழுதுகிறவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் எடின்பரோவில் அச்சடித்து, அட்டையில் தங்க எழுத்துப் போட்டு விற்ற நாவல்களுக்குள்ளே ஐந்து வாக்கியங்களை நுழைத்த ஆள் அவர் ஒருவர்தான். ஆறாவதாகவும் ஒரு வாக்கியம் உண்டு. அது அச்சேறவில்லை. அவசரப்படாதீர்கள், அதற்கும் வருவேன்.

அய்யாசாமியின் தகப்பனார் முனிசிபாலிட்டியில் குழாய் மேஸ்திரி. மகன் பிறந்தது, வளர்ந்தது, மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை தோற்றது எல்லாம் ரங்கூனிலேயே. தோற்ற கையோடு டைப் கற்றுக்கொண்டு, ஒரு வக்கீல் ஆபீசில் ஒன்பது வருஷம் மனு அடித்தார். அதனால் அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையும் மனு இங்கிலீஷ். ‘மேற்படி’ போடாமல் ஒரு மனிதனைப் பற்றி அவரால் எழுத முடியாது. ‘பணிவுடன்’ சேர்க்காமல் ஒரு சேதி சொல்ல வராது. மூத்த மகள் பிறந்தபோது மாமனாருக்குத் தமிழில் எழுதிய கடிதத்திலேயே, “மேற்படி குழந்தை இன்று காலை ஏழு மணிக்கு ஆஜராகியது” என்று எழுதியவர். மாமனார் குழந்தைக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துபோனாராம். மனைவி பவுனம்மாள் இதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

1920ஆம் வருஷம் வக்கீல் ஊரைப் பார்க்கப் போய்விட்டார். அய்யாசாமிக்கு வேலை போயிற்று. நாலு மாதம் அலைந்த பிறகு கிடைத்த இடம்தான் கில்லஸ்பி துரையின் பங்களா.

கில்லஸ்பி துரை ஸ்காட்லாந்துக்காரர். ஆற்றுக் கப்பலில் இன்ஜினியராக வந்தவர், கப்பல் ஆடினால் குமட்டுகிறது என்று வேலையை விட்டுவிட்டு நாவல் எழுத உட்கார்ந்துவிட்டார். சாகச நாவல். அவருடைய கதாநாயகன் ஒவ்வொரு புத்தகத்திலும் ஸ்காட்லாந்திலிருந்து வருவான், கொள்ளைக்காரர்களைத் துவைப்பான், புலியை ஒரே குண்டில் சாய்ப்பான், புதையலை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்ச் சிவப்பு முடிக்காரி ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொள்வான். இத்தனையும் எழுதிய மனிதருக்குச் சுவரில் தவ்தே பல்லி கத்தினால் கைநடுக்கம் வந்துவிடும். “அய்யாசாமி, அதை வெளியே அனுப்பு” என்பார். தவ்தே என்ன, சொன்னால் கேட்டுக்கொண்டு வெளியே போகிற ஜாதியா? அய்யாசாமி குடையால் சுவரைத் தட்டிவிட்டு, “போய்விட்டது சார்” என்று பணிவுடன் பொய் சொல்வார்.

த்வாண்டே கால்வாயில் கொள்ளைக்காரர்கள் என்று ஒரு முழு நாவல் எழுதினார் துரை. அவர் த்வாண்டேக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறார். அங்கே அவர் கண்டது பானை. வாங்கி வந்ததும் பானை. கதையில் வந்தது முந்நூறு கொள்ளைக்காரர்கள். அதுகூடப் போகட்டும், ஆற்றுக்கு அக்கரையில் தட்டையாகக் கிடக்கிற டாலாவில் ஒரு மலையை வைத்து, மலையில் ஒரு குகையையும் வைத்துவிட்டார். டாலாவில் வயல் வரப்பைத் தவிர வேறு மேடு கிடையாது என்பது சம்பான் படகு தள்ளுகிற எவனுக்கும் தெரியும். அய்யாசாமி ஒரு வார்த்தை பேசவில்லை. மலையை அப்படியே டைப் அடித்தார். மலையை நகர்த்துவது டைப்பிஸ்ட் வேலை இல்லை என்பது அவர் கொள்கை. மூன்று நாவல்களில் ஒரு கமாவைக்கூட அவர் தொட்டதில்லை. வேலை போனால் என்ன ஆகும் என்பதை நாலு மாதம் பார்த்தவர் அல்லவா, அந்த ஒழுங்கு பயத்தில் வந்தது.

துரைக்கு ஒரு பழக்கம். ‘முற்றும்’ என்று எழுதிவிட்டால் அந்தக் கதையின் முகத்தில் விழிக்க மாட்டார். பேனாவை வீசிவிட்டுக் கிளாஸை எடுத்துக்கொள்வார். அடித்த பக்கங்களைச் சரிபார்ப்பது, மெழுகுத் துணியில் சுற்றுவது, மெயில் கப்பலில் ஏற்றுவது எல்லாம் அய்யாசாமி பொறுப்பு. இந்தப் பழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் எனக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

அய்யாசாமி குடியிருந்தது லத்தா வட்டாரத்தில், ஒரு சந்துக்குள், மாடியில். கீழே காளியம்மாவின் சோற்றுக்கடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துறைமுகத்து ஆட்கள் இருபது முப்பது பேர் அங்கே சாப்பிட வருவார்கள். சாப்பிட்ட பிறகு யாருக்கும் போக இடமில்லை. ஒருநாள் பேச்சோடு பேச்சாக, தான் அந்த வாரம் அடித்த அத்தியாயத்தைத் தமிழில் சொன்னார் அய்யாசாமி. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து ஞாயிறுதோறும் கதை. இங்கிலீஷில் ஆண்டியாக நின்ற மனிதர், தமிழில் கதை சொன்னால் அரசன். புலி உறுமினால் உறுமுவார். கொள்ளைக்காரத் தலைவன் சிரித்தால் சந்தின் கோடி வரைக்கும் கேட்கும். எல்லோரும் அவரை ‘சயா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வாத்தியாருக்குப் பர்மாக்காரர்கள் கொடுக்கிற மரியாதை அது. பங்களாவில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

காளியம்மா ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள். கதையைச் சாவில் நிறுத்தக் கூடாது. நல்ல இடத்தில் நிறுத்தி, எல்லோருக்கும் ஒரு வாய் பாயசம் கொடுத்து அனுப்ப வேண்டும்.

“எழவில விட்டுட்டு எந்திரிச்சுப் போனா அது அந்த வாரம் பூரா நம்மளச் சுத்தும் சயா. மூட்டை தூக்குற புள்ளைங்க இது. நல்லதச் சொல்லி முடிங்க, நான் பாயசம் ஊத்துறேன்” என்பாள்.

ராமாயணம் படித்தால் பட்டாபிஷேகம் வரைக்கும் படித்துத்தானே எழுந்திருக்கிறோம், துரை எழுதினது மட்டும் என்ன விலக்கா என்பது அவள் வாதம். வாதம் சரிதான். ஆனால் துரையின் கதைகளில் ஒரு கஷ்டம் இருந்தது. ஒவ்வொன்றிலும் கதாநாயகனுக்குக் கூடமாட ஒரு தமிழ் ஆள் வருவான். விசுவாசமானவன். அவன் கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் தவறாமல் செத்துப்போவான். முதல் நாவலில் முதலை. இரண்டாவதில் புலி. மூன்றாவதில் கதாநாயகனுக்கு வந்த விஷ அம்பைக் குறுக்கே பாய்ந்து தன் மார்பில் வாங்கிக்கொண்டான். அய்யாசாமி சாமர்த்தியமாக அந்தச் சாவுகளை ஒரே மூச்சில் தாண்டி, அதே நாளில் சிவப்பு முடிக்காரியின் கல்யாணத்துக்குப் போய்விடுவார். தாலி கட்டினார்கள் என்றுகூடச் சேர்த்துவிடுவார். பாயசம் வந்துவிடும்.

கேட்கிறவர்களில் முக்கியமானவர் சுலைமான். காயல்பட்டணத்துக்காரர், கப்பலில் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் யந்திரம் ஓட்டுகிறவர். மெலிந்த உடம்பு, வெற்றிலை வாய். முன்வரிசையில் உட்கார்ந்து, கதாநாயகனுக்கு யோசனை சொல்லிக்கொண்டே கதை கேட்பார். “ஒரு தடவ எம் பேரப் போடச் சொல்லுங்க சயா” என்று மூன்று வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தார்.

நாலாவது நாவல் தொடங்கியபோது, “உங்கள் ஆள் ஒருவனுடைய பெயர் சொல், என் வாசகர்கள் வாயில் நுழைகிற பெயராக” என்று துரை கேட்டார். அய்யாசாமி யோசிக்கவே இல்லை, சுலைமான் என்றார். எங்கள் வேதத்திலும் இருக்கிற பெயர் என்று துரைக்கு ஏக சந்தோஷம்.

சுலைமானின் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கதைச் சுலைமான் ஆறடி உயரம், கையால் முதலை வாயைப் பிளக்கிறவன். இதைக் கேட்ட நாளிலிருந்து நிஜச் சுலைமான் நெஞ்சை நிமிர்த்தி நடக்க ஆரம்பித்தார். துறைமுகத்தில், “முதலைக்காரரே” என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். ஊரில் இருக்கிற மனைவி நபீஸாவுக்குக் கடிதம் போட்டு, தான் சீமைப் புத்தகத்தில் வரப்போவதை அறிவித்துவிட்டார். அய்யாசாமிதான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். கடைசிக்கு முந்தின அத்தியாயம் என்று ஒன்று வரும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஒருவன் இப்படிச் சந்தோஷப்படும்போது அதைப் போய் யார் நினைப்பார்கள்?

வந்தது. 1924 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. கொள்ளைக்காரப் படகின் சங்கிலியைச் சுலைமான் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்கிறான். கதாநாயகன் தப்புகிறான். சங்கிலி இழுக்கிறது. சுலைமானின் தலைக்கு மேல் தண்ணீர் மூடிக்கொள்கிறது. அத்தோடு துரை அன்றைய எழுத்தை நிறுத்திவிட்டுப் போய்விட்டார். கல்யாண அத்தியாயம் அடுத்த வாரம்தான். தாண்டிக் குதிக்க அய்யாசாமிக்கு இந்தத் தடவை மறுகரை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் முதலில் வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தார். பவுனம்மாளே நம்பவில்லை, சுலைமான் எங்கே நம்பப்போகிறார்? கதை நடந்தது. சங்கிலி வந்தது, பல் வந்தது, தண்ணீர் வந்தது. அய்யாசாமி நிறுத்தினார். 

சுலைமான் மெதுவாகக் கேட்டார். “சயா... நான் மௌத்தாயிட்டேனா?”

மூன்று பேரைக் கொன்றபோது அய்யாசாமியை யாரும் இப்படிக் கேட்டதில்லை. செத்தவர்கள் எதிரே உட்கார்ந்து கேட்டால் அல்லவா தெரியும்! சுலைமானின் முகத்தில் பயம்கூட இல்லை, ஒரு வெட்கம்தான் இருந்தது. பேராசைப்பட்டுப் பெயரைக் கொடுத்துவிட்டோமே என்ற வெட்கம். பக்கத்தில் இருந்தவர்கள் அவரிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்ததை அய்யாசாமி பார்த்தார். மறுநாள் காலையில், சாவுச் சகுனம் பட்ட இவர் ஓட்டுகிற வின்ச்சுக்குக் கீழே நின்றுதான் அவர்கள் மூட்டை பிடிக்க வேண்டும். காளியம்மா பாயசக் கரண்டியோடு அசையாமல் நின்றாள்.

“யாரு சொன்னா?” என்றார் அய்யாசாமி. “முழுசாக் கேக்காம பேசினா எப்படி? தண்ணி மூடுச்சு, அப்புறம் எந்திரிச்சிட்டீங்க. நீந்தி டாலா கரைக்குப் போய்ச் சேந்துட்டீங்க. சௌக்கியமா இருக்கீங்க.”

“அப்படிப் போடு!” என்று யாரோ கத்தினார்கள். பாயசம் வந்தது. சுலைமான் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

“புஸ்தகத்தில அப்படித்தானே இருக்கும் சயா?” என்று போகும்போது கேட்டார். “ஆபீஸ்ல இங்கிலீஷ் படிக்கிற ஒருத்தர் இருக்காரு. எம் பேரு வர்ற எடத்தப் படிச்சுச் சொல்றேன்னிருக்காரு. ஊருக்கும் ஒண்ணு அனுப்பணும்.”

“அப்படியேதான் இருக்கும்” என்றார் அய்யாசாமி. சொல்லிவிட்டு மாடிக்குப் போய்த் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

அந்த வாரம் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். ஒரு பக்கம் துரை, அதாவது சோறு. இன்னொரு பக்கம் சந்து, அதாவது சயா என்கிற பெயர். புத்தகம் வந்தால் பொய் வெளுத்துவிடும். பொய்யைவிட மோசம், ஒரு மனிதனைத் தண்ணீருக்கடியில் விட்டுவிட்டு வந்து பாயசம் குடித்தது வெளுத்துவிடும். பவுனம்மாளிடம் சொன்னார்.

“டாலாவில மலை இருக்குன்னு துரை எழுதினா அடிக்கிறீங்க. ஒரு மனுசன் உசிரோட இருக்கான்னு அடிக்கக் கை வரலையோ?” என்றாள் அவள்.

“வேலை போயிடும்டி.”

“போனா மறுபடி மனு அடிங்க. அந்தச் சுலைமான் தெனம் நம்ம வாசல் வழியாத்தான் போறாரு. அவரு மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?”

புதன்கிழமை துரை ‘முற்றும்’ போட்டுவிட்டுக் கிளாஸை எடுத்துக்கொண்டார். வியாழக்கிழமை மெயில் கப்பல். அய்யாசாமி தண்ணீர் மூடிக்கொள்கிற பக்கத்தை உருவி எடுத்தார். அடியில் கொஞ்சம் வெள்ளை இடம் இருந்தது. அதற்குத் தகுந்தாற்போல் ஒரே ஒரு வாக்கியம் அடித்தார். சாகச நடை அவருக்குத் தெரியாது, தெரிந்த நடையில் அடித்தார். தமிழில் சொன்னால் அது இப்படி இருக்கும்:

‘மேற்படி சுலைமான், கடவுள் கிருபையால், அன்று மாலை நாலரை மணி அளவில் டாலா கரையைச் சேர்ந்து, தற்சமயம் சௌக்கியமாக இருக்கிறார் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் சமர்ப்பித்துக்கொள்கிறேன்.’

அடுத்த பக்கத்தில் கதாநாயகன், ‘உன்னைப் போல் ஒருவனை இனி எங்கே காண்பேன்’ என்று இரண்டு பக்கம் அழுகிறான். அதை எடுத்துவிட வேண்டாமா? அய்யாசாமி எடுக்கவில்லை. துரையின் எழுத்தில் ஒன்றைச் சேர்ப்பது வேறு, ஒன்றை எடுப்பது வேறு, எடுப்பது திருட்டு என்று அவருக்கு ஒரு நியாயம். ஆகவே சுலைமான் டாலாவில் சௌக்கியமாக இருக்க, கதாநாயகன் இக்கரையில் தொண்டை கிழிய அழ, பார்சல் கப்பல் ஏறியது.

ஒன்பது மாதம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.  நவம்பரில் புத்தகம் வந்தது, கூடவே பதிப்பாளரின் கடிதமும் வந்தது. துரை இரண்டையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி கழித்து, “அய்யாசாமி!” என்று ஒரு சத்தம். தவ்தேயைக் கண்டுகூட அவர் அப்படிக் கத்தியதில்லை.

பேச்சு இங்கிலீஷில் நடந்தது, நம் வசதிக்குத் தமிழில் சொல்கிறேன்.

“இருநூற்றுப் பதினாலாம் பக்கம்” என்றார் துரை. “படி.”

அய்யாசாமி படித்தார். 

“இது யார் எழுதியது?”

“மேற்படி வாக்கியம் அடியேன் எழுதியது சார்.”

துரையின் முகம் கோபத்தில் சிவந்தது. கடிதத்தை எடுத்து ஆட்டினார். “பதிப்பாளர் என்ன எழுதியிருக்கிறான் தெரியுமா? உங்கள் புத்தகங்களில் முதல் தடவையாகச் சிரித்தேன் என்கிறான். அங்கே பேப்பரில் விமரிசனம் எழுதுகிறவர்களும் சிரித்தார்களாம். கதாநாயகன் அழ அழ, அந்த ஆள் அக்கரையில் சௌக்கியமாக இருப்பது இருக்கிறதே, அது என் மேதாவிலாசமாம்! இத்தனை வருஷமாக எழுதுகிறேன். என்னிடம் ஹாஸ்யம் இருப்பதாக என் தாயார்கூடச் சொன்னதில்லை. ஏன் செய்தாய்?”

அய்யாசாமி ஒன்பது மாதமாக நூறு பதில் தயார்செய்து வைத்திருந்தார். வாயில் உண்மைதான் வந்தது.

“அவர் என்னைக் கேட்டார் சார். செத்துவிட்டேனா என்று.”

“யார்?”

“சுலைமான்.”

“சுலைமான் என்று ஒருவன் இல்லையே. நான் உண்டாக்கினவன்.”

“இருக்கிறார் சார். துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை கதை கேட்க வருவார்.”

துரை கடிதத்தைக் கீழே வைத்தார். தன் கதையை ரங்கூனில் ஒருவர் கேட்கிறார் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. போ என்று சொல்வார் என்று அய்யாசாமி நின்றுகொண்டிருந்தார். “ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு?” என்று கேட்டார் துரை.

லத்தா சந்துக்குள் துரை வந்தது பற்றி ஒரு வாரம் பேசினார்கள். காளியம்மா நாற்காலிக்கு எங்கே போவாள், அரிசி மூட்டை மேல் வெள்ளைத் துணி விரித்து உட்காரவைத்தாள். சுலைமான் சலாம் போட்டார். ஆறடி உயரத்தைத் தேடிய துரையின் கண் மேலேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகு கீழே இறங்கியது. பாவம், இரண்டு பேருக்குமே ஏமாற்றம்தான். சீமையில் சிங்கத்தோடு வளர்ந்தவர் என்று சுலைமான் நினைத்திருந்த துரைக்குத் தொந்தியும் மூச்சுவாங்கலும் இருந்தன.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்” என்றார் சுலைமான். “முதலையில நம்ம ஆளு, புலியில நம்ம ஆளு, அம்பிலயும் நம்ம ஆளு. எப்பவும் நாங்கதானா சாவணும்? அதக் கேளுங்க சயா.”

 வேலையே இன்னும் கயிற்றில் தொங்குகிறது. துரையின் சௌக்கியத்தைக் கேட்கிறார் என்று மாற்றிச் சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியும்? மாடிப்படியில் பவுனம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அய்யாசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கேள்வியைக் கேட்டபடியே சொன்னார்.

 துரை சொன்னார்: “கதாநாயகன் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும் அல்லவா. யாராவது ஒருவன் இங்கேயே தங்கினால்தான் அந்தப் பயணத்துக்கு ஒரு மதிப்பு இருக்கும்.”

இதைத் தமிழில் கேட்ட சுலைமான் சிரித்துவிட்டார். “தங்குறதுக்கு எதுக்கு துரை சாவணும்? நாங்க எல்லாரும் இங்கதானே தங்கியிருக்கோம். நீங்களும்தான் தங்கியிருக்கீங்க.”

துரை பாயசம் குடித்தார். ஊருக்குப் போகப்போகிறேன் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டு பதினெட்டு வருஷம் அந்த வராந்தாவிலேயே கழித்தவர் அவர். அய்யாசாமிக்கு அன்றைக்குத்தான் அவரைப் பார்க்க மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது மேஜைமேல் அடுத்த நாவலின் முதல் பக்கம் இருந்தது. “கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் ஒரு வரி இடம் விடுவேன்” என்றார் துரை. “அதை நீ நிரப்பு. ஒரு வரிதான். அதற்கு மேல் ஒரு எழுத்து சேர்த்தாலும் வேலை கிடையாது. என்ன எழுதினாய் என்று என்னிடம் சொல்லாதே, நான் அச்சில் பார்த்துக்கொள்கிறேன்.”

இப்படியாக இன்னும் நாலு நாவல்கள். யானை மிதித்த ஆள், ‘மேற்படி காயம் சாதாரணமானது என்று தெரியவருகிறது’ என்று எழுந்து உட்கார்ந்தான். தீயில் விழுந்தவனைப் பற்றி, ‘மேற்படியார் சம்பவ நேரத்தில் அவ்விடத்தில் ஆஜராகவில்லை’ என்று தகவல் வந்தது. ஸ்காட்லாந்தில் சிலர் அந்த ஒரு வரிக்காகவே புத்தகம் வாங்குவதாகப் பதிப்பாளர் எழுதினார். துரைக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காமலே, ஒவ்வொரு தடவையும் புத்தகம் வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்புவார். அறைக்குள்ளிருந்து சிரிப்புக் கேட்கும். உடனே ஒரு இருமல் வந்து அதை மூடும். சுலைமானின் பிரதி காயல்பட்டணத்தில், நபீஸாவின் பெட்டிக்குள் பட்டுத்துணியில் சுற்றியிருந்தது. அந்த வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது.

1929இல் துரைக்கு ஈரல் கெட்டது. டாக்டர்கள் உடனே ஊருக்குப் போகச் சொன்னார்கள். ஒன்பதாவது நாவல் பாதியில் நின்றது. மார்ச் மாதம் கப்பலேறும்போது அய்யாசாமிதான் கைத்தாங்கலாக ஏணி வரைக்கும் கொண்டுபோனார். மேலே வின்ச்சில் சுலைமான் துரையின் பெட்டிகளைப் பூவைப் போல இறக்கிவைத்தார்.

“கதை முடியவில்லையே அய்யாசாமி” என்றார் துரை.

“ஊரில் போய் எழுதி அனுப்புங்கள் சார். அடித்து வைக்கிறேன்.”

“கப்பல் ஆடினால் எனக்குக் குமட்டும்” என்றார் துரை, குழந்தையைப் போல. அய்யாசாமி வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு துரையின் கையைப் பிடித்து அழுத்தினார். மனு இங்கிலீஷில் அதற்கு வார்த்தை இல்லை.

ஏப்ரல் கடைசியில் இங்கிலீஷ் பேப்பரில் நாலு வரிச் செய்தி வந்தது. கில்லஸ்பி துரை செங்கடலைத் தாண்டும்போதே இறந்துபோனார், உடலைக் கடலில் இறக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அய்யாசாமி அதைப் படித்தார். பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் மத்தியானம் கீழே இறங்கினார். அன்றைக்குச் சொல்லக் கதையில்லை. ஆனாலும் எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். 

சுலைமான்தான் கேட்டார். “சயா, துரை ஊர் போய்ச் சேந்துட்டாரா?”

அய்யாசாமி காளியம்மாவைப் பார்த்தார். கரண்டியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். கண் கலங்கிவிடும்போல் இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு எழுந்து நின்று, கோர்ட்டில் படிப்பதுபோலச் சொன்னார்:

“மேற்படி துரை, கடவுள் கிருபையால், சௌக்கியமாகக் கரை சேர்ந்தார் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”

வழக்கமாகச் சிரிக்கிற இடம். யாரும் சிரிக்கவில்லை. காளியம்மா பாயசம் ஊற்றினாள், எல்லோரும் மரியாதையாகக் குடித்தார்கள். அப்போதுதான் அய்யாசாமிக்கு உறைத்தது. கப்பல் சேதி பேப்பருக்கு வருவதற்கு முன்னால் துறைமுகத்துக்கு வந்துவிடும். இவர்களுக்கு மூன்று நாளாகவே தெரியும்.

சுலைமான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

“அப்படியே இருக்கட்டும் சயா” என்றார். “அத மாத்தாதீங்க.”